மாரித்தாயின் சேலை

1

நான் இப்போது இருக்கும் இந்த இங்கிலாந்து நகரத்தில் நவம்பர் முதல் வாரம் முழுக்க வெடிச் சத்தம். நானூறு வருடங்களுக்கு முன்னால், நாடாளுமன்றத்துக்கு அடியில் வெடிமருந்துப் பீப்பாய்களை அடுக்கி வைத்துப் பிடிபட்ட ஒருவனை நினைத்து வெடிக்கிறார்கள். அவனைப் பிடித்தார்கள், வதைத்தார்கள், கொன்றார்கள். அது போதாமல் வருடா வருடம் அவன் பொம்மையையும் எரிக்கிறார்கள். அவ்வளவு மருந்தை உரிமம் இல்லாமல் ஒரே அறையில் எப்படிச் சேர்த்தான் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நான் கேட்பேன். முப்பத்திரண்டு வருடம் அதைக் கேட்டுத்தான் சம்பளம் வாங்கினேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். விருதுநகர் பஜாரில் மிளகாய் வத்தலும் பருப்பும் விற்ற ராவுத்தர் குடும்பம் எங்களுடையது. கடையில் உட்காரச் சொன்னார்கள். நான் படித்துவிட்டு அரசாங்க உத்தியோகத்துக்குப் போனேன். சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் பட்டாசு ஆலை வெடித்தால் போய்ப் பார்த்து, ஏன் வெடித்தது என்று அறிக்கை எழுதும் வேலை. எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. ஓய்வூதியம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

மனைவி போன பிறகு மகள் நஸ்ரின் என்னை இங்கே கூட்டி வந்தாள். அவள் மருந்துக்கடையில் மருந்தாளுநர். நானும் ஒருவகையில் மருந்தோடு இருந்தவன்தான். காலையில் பேத்தியைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிடுவேன். குப்பைத்தொட்டி எந்தக் கிழமை பச்சை, எந்தக் கிழமை பழுப்பு என்று தெரிந்து, தெருக்காரர்களுக்கும் சொல்வேன். மாநகராட்சிக்கு இதுவரை பதினோரு கடிதம் எழுதியிருக்கிறேன். பதினொன்றுக்கும் பதில் வந்தது. நம்மூரில் இப்படிப் பதில் போட்டிருந்தால் என்னை மாற்றல் செய்திருப்பார்கள்.

இந்தக் கட்டுரைக்குக் காரணம் ஒரு நாவல். அதைக் கொண்டுவந்து கொடுத்தவர் செல்வக்குமார். சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் குடும்பத்துப் பிள்ளை. இங்கே கணினி வேலை, சனிக்கிழமைகளில் தமிழ்ச் சங்க நாடகம்.

"சார், நம்ம ஊர்க் கதை. பட்டாசு கம்பெனி, வெடி விபத்து, அம்புட்டும் இருக்கு. எல்லாரும் கொண்டாடுறாக. படிச்சீகன்னா ரெண்டு நாளைக்கு உங்களுக்குத் தூக்கம் வராது."

வரவில்லை. காரணம் வேறு.

2

நாவலின் பெயரைச் சொல்ல மாட்டேன். என் கோபம் அதற்கு விளம்பரமாக வேண்டாம்.

கதாநாயகி செண்பகம். புருஷன் குடிகாரன். நாற்பதாம் பக்கத்தில் முதல் அடி விழுகிறது. அடி என்று எழுதினால் போதாதா? ஆசிரியர் அதைக் கோடை மழை என்கிறார். மண் அதை எப்படி வாங்கிக்கொள்ளுமோ அப்படி அவள் வாங்கிக்கொண்டாளாம். அடுத்த பத்தியில் அவள் அவனுக்கு மீன் குழம்பு வைக்கிறாள். இரண்டாவது அடி, குழம்பில் உப்பு கூடியதற்கு. மூன்றாவது அடி, மினுமினுக்கிற சேலை கட்டியதற்கு. அதில் அவள் பல் ஒன்று விழுகிறது. விழுந்த பல்லை ஆசிரியர் முல்லை மொட்டு என்கிறார். நான் புத்தகத்தைச் சுவரில் விட்டெறிந்தேன். பிறகு எடுத்து வந்து, முனை மடங்கியதை நீவிவிட்டுத் தொடர்ந்து படித்தேன். இரவல் புத்தகம்.

எங்கள் ஆட்களில் ஒருவரும் அதில் வருகிறார். இந்த மாதிரி நாவல்களில் நாங்கள் அத்தர் பூசுவோம், பிரியாணி கொடுப்போம், கடைசியில் ஒரு குழந்தையைக் காப்பாற்றிவிட்டுச் செத்துப்போவோம். நான் இதுவரை மூன்றையும் செய்ததில்லை.

முடிவு இது: செண்பகத்துக்கு ஒரு லாரி டிரைவரோடு பழக்கம் ஏற்படுகிறது. அவனைப் பார்க்கப் போகிற நாளில் கால் மெட்டியைக் கழற்றுகிறாள். அந்த மினுமினுக்கிற பாலியெஸ்டர் சேலையைக் கட்டிக்கொண்டு ஆலைக்குப் போகிறாள். சேலை உரசித் தீப்பொறி பறக்கிறது. ஏழு பேர் சாகிறார்கள். "அவ ஒழுங்கா இருந்திருந்தா ஏழு உசுரு போயிருக்குமா?" என்று ஊர் கேட்கிறது. ஆசிரியரும் ஊரோடு சேர்ந்து தலையாட்டிவிட்டுக் கதையை முடிக்கிறார்.

நான் பென்சிலோடு படிப்பவன். ஓரத்தில் குறிப்புகள் எழுதியிருந்தேன். 'வெடிக்குள் மருந்து செலுத்தும் அறையில் பன்னிரண்டு பேர். தவறு. நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. சுவரிலேயே பெயின்டில் எழுதியிருக்கும்.' 'அறைக்குள் செருப்போடு போகிறாள். தவறு.' 'மெட்டியைக் கழற்றியது கள்ளக் காதலுக்கு என்கிறார். தவறு. உலோகம் எதுவும் உள்ளே போகக் கூடாது. கல்யாணமான அத்தனை பெண்களும் தினம் காலையில் மெட்டியைக் கழற்றி முடிந்து வைத்துவிட்டுத்தான் அறைக்குள் போவார்கள். அது விதி.'

நஸ்ரின் அந்தக் குறிப்புகளைப் படித்தாள்.

"அத்தா, ஒரு பொம்பளைய மூணு எடத்துல போட்டு அடிக்கிறான். நீங்க செருப்புக்கு நோட் எழுதியிருக்கீக."

"செருப்பு விதிமீறல்."

"அடிக்கிறது?"

"அதற்குத்தான் புத்தகத்தை எறிந்தேனே."

"அத எங்கேயும் எழுதலையே" என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குப் போனாள்.

3

அந்த நாவலையே செல்வக்குமார் நாடகமாக்கினார். ஒரு பள்ளிக்கூட அரங்கம், சனிக்கிழமை மதியம், இருநூறு நாற்காலி. நஸ்ரினுக்கு அன்று வேலை. பேத்தி ஆயிஷாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பன்னிரண்டு வயது. அவள் தமிழில் கேட்பாள், ஆங்கிலத்தில் யோசிப்பாள். இரண்டும் நடுவில் எங்கோ மோதிக்கொள்ளும்.

அடிக்கும் காட்சிக்கு மேடையின் பின்னால் ஒருவர் இரண்டு பலகைகளை வைத்துக்கொண்டு நின்றார். புருஷன் கையை ஓங்கும்போது பலகையைப் பலகையில் அறைவார். நல்ல சத்தம். முதல் அடிக்கு அரங்கம் அமைதியாக இருந்தது. உப்புக்கு விழுந்த அடிக்குச் சிரித்தார்கள். மூன்றாவது அடியில், லாரி டிரைவரோடு அவள் பேசியதைப் புருஷன் கண்டுபிடித்துவிட்டான் என்பதால், கை தட்டினார்கள். பின் வரிசையில் ஒருவர் விசிலும் அடித்தார். அவர் பல் டாக்டர். பல் விழுந்ததற்கு விசில்.

ஆயிஷா என் காதில் கேட்டாள்: "நன்னா, அவர் அடிக்கிறதுக்கு இவங்க ஏன் கை அடிக்கிறாங்க?"

கை அடிப்பது இல்லை, கை தட்டுவது என்று திருத்தியிருக்க வேண்டும். திருத்தவில்லை.

பிறகு செண்பகம் மேடை நடுவில் வந்து மெட்டியைக் கழற்றி வீசினாள். ஒரு ஐயோ எழுந்தது. சிவப்பு விளக்கு, புகை, பெரிய வெடிச் சத்தம், ஏழு பேர் விழுந்து கிடந்தார்கள். அழகாக, கைகளும் கால்களும் உடம்போடு சேர்ந்து கிடந்தார்கள்.

முடிந்ததும் கலந்துரையாடல். செல்வக்குமார் மைக்கில், "நம்ம மத்தியில ஒரு பெரியவர் இருக்காக. அந்தத் தொழிலை உள்ளங்கை மாதிரித் தெரிஞ்சவுக" என்று என்னைக் கூப்பிட்டார். மேடையேறினேன். மனதில் இருந்ததைச் சொன்னேன். ஒரு பெண்ணை அடிப்பதற்குக் கை தட்டக் கற்றுத்தரும் நாடகம் எனக்கு வேண்டாம் என்றேன். மெட்டியைக் கழற்றுவது வேலை விதி, ஒழுக்கக் கேடு இல்லை என்றேன். செத்துப்போன தொழிலாளியின் நடத்தையில் விபத்துக்குக் காரணம் தேடுகிறவன் கயவன் என்றேன். அந்தச் சொல்லையே சொன்னேன். நன்றாக இருந்தது. முன் வரிசையில் இரண்டு பெண்கள் தலையாட்டினார்கள்.

செல்வக்குமாருக்கு முகம் சிவந்துவிட்டது.

"சார், கோவப்படாதீக. இது எழுத்தாளரு கற்பனை இல்ல. எம். புதுப்பட்டிப் பக்கம் நெசமா நடந்தது. சேலை விசயம் கவர்மெண்ட் ரிப்போர்ட்லயே இருக்கு. நாவல் கடைசிப் பக்கத்துல போட்டிருக்காக, நீங்க பாக்கலையா?"

நான் பார்த்திருக்கவில்லை. 'முற்றும்' என்ற சொல்லோடு மூடிவிட்டேன். அவர் புத்தகத்தைத் திருப்பி என் கையில் கொடுத்தார். மைக் இன்னும் என் வாய்க்கு நேராக இருந்தது. சத்தமாகவே படித்தேன்.

"'உயிரிழந்த பெண் தொழிலாளி ஒருவர் செயற்கை இழைச் சேலை அணிந்திருந்ததும் விபத்துக்கு ஏதுவாக இருந்திருக்கக்கூடும் எனக் கருதப்படுகிறது.'"

எழுதியவர் பெயர் கீழே இல்லை. தேவையும் இல்லை. 'ஏதுவாக', 'இருந்திருக்கக்கூடும்', 'கருதப்படுகிறது'. மூன்று கதவு உள்ள வாக்கியம்; எந்தக் கதவு வழியாகவும் எழுதியவன் தப்பித்து ஓடலாம். அப்படி எழுத எங்கள் அலுவலகத்தில் ஒருவனுக்குத்தான் வரும். இளநிலை அலுவலர்கள் என்னிடம் வந்து அதைக் கற்றுக்கொண்டு போவார்கள்.

அரங்கம் காத்திருந்தது. செல்வக்குமார் புன்னகையோடு, "இப்ப என்ன சார் சொல்லுதீக?" என்றார்.

"அந்தச் சேலையை அவளுக்கு நான்தான் கட்டிவிட்டேன்" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. யாரோ சிரித்தார்கள். நான் இறங்கி, ஆயிஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

4

அந்த நாளை இத்தனை வருடத்தில் நான் யாரிடமும் சொன்னதில்லை. தீபாவளி சீசன். ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்தது. எல்லா ஆலையிலும் ஆள் பற்றாமல் லோடு நின்றது. காலை பதினொன்றரைக்கு வெடித்தது. நான் ஜீப்பில் போய்ச் சேர்ந்தபோது ஒரு மணி.

அறை இருந்த இடத்தில் தரை மட்டும் இருந்தது. இரும்புக் கதவு ஒன்று ஐம்பது அடி தள்ளி ஒரு உடைமுள் மரத்தில் சொருகி நின்றது. மரத்தடியில் ஒரு கை கிடந்தது. அலுமினியப் பொடி படிந்து பளபளத்தது. வெள்ளியில் வார்த்தது போல என்று நாவலாசிரியர் எழுதுவார். அது கை. முழங்கையோடு முடிந்திருந்தது. பொறுக்க வந்தவர்கள் சாக்கு கொண்டு வந்திருந்தார்கள். ஏழு பேர் என்பதை உடல்களை எண்ணித் தெரிந்துகொள்ள முடியவில்லை. அன்றைக்கு அந்த அறைக்கு யார் யார் போனார்கள் என்று போர்மேனைக் கேட்டுத்தான் எழுதினேன். பெயர்ந்து கிடந்த சுவர்த் துண்டு ஒன்றில் 'ஆட்கள் 4' என்ற எழுத்து மட்டும் அழியாமல் இருந்தது.

உறவுக்காரர்கள் ஜீப் மேல் கல் எறிந்தார்கள். கண்ணாடி போயிற்று. ராக்கம்மாள் என்ற ஒரு தாய், மகளைப் பறிகொடுத்தவர், என் சட்டையைப் பிடித்து இழுத்து, "ஏலே, ஆபீசரு, எம் மகள எங்கலே? எந்தச் சாக்குலலே வச்சிருக்கீக?" என்று கேட்டு என் கன்னத்தில் அறைந்தார். போலீஸ்காரர் லத்தியைத் தூக்கினார். நான் வேண்டாம் என்றேன். இப்போதும் இடது பக்கம் படுத்தால் அந்தக் கன்னம் தெரியும். நாவல்களில் பெண்கள் அடி வாங்குவார்கள். யாரையும் அடிப்பதாக நான் படித்ததில்லை.

கேட்டுக்குப் பக்கத்தில், வெடித்த இடத்திலிருந்து நன்றாகத் தள்ளி, இரண்டு மரத்துக்கு நடுவே ஒரு கயிறு கட்டியிருந்தது. அதில் சேலைகள் தொங்கின. அந்த வட்டாரத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஊரிலிருந்து வரும்போது நல்ல சேலை கட்டி வருவார்கள். இங்கே வந்து, மருந்து படிந்து கறுத்த பழைய நூல் சேலைக்கு மாறி, மேலே புருஷனின் சட்டையைப் போட்டுக்கொண்டு அறைக்குள் போவார்கள். கழற்றிய மெட்டியை, கயிற்றில் தொங்கும் நல்ல சேலையின் முந்தியில் முடிந்து வைப்பார்கள். சாயங்காலம் குளித்துவிட்டு மறுபடியும் நல்ல சேலை. அன்று அவை கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தன. ஒன்றில்கூடக் கரி படவில்லை.

ஒரு ஆள் வந்து அந்தக் கயிற்றுக்கு எதிரே நின்றார். சாக்குகள் பக்கம் அவர் திரும்பவே இல்லை. ஊதாப் பூப் போட்ட பாலியெஸ்டர் சேலை ஒன்றைத் தொட்டு, முந்தி முடிச்சை அவிழ்த்தார். இரண்டு மெட்டி. மறுபடி முடிந்தார். என்னிடம் வந்து, "எம் பொண்டாட்டி மாரித்தாயிது சார். எடுத்துக்கிடவா?" என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ரசீது எழுதினேன். 'சேலை ஒன்று, மெட்டி ஒரு ஜோடி, நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்.' அவர் கையெழுத்துப் போட்டார். அந்த ரசீதைக் கோப்பில் வைத்தேன். நடைமுறையில் நான் தவறியதே இல்லை.

பிறகு அறிக்கை எழுத உட்கார்ந்தேன். 'காரணம்' என்று ஒரு பகுதி. நான்கு பேர் அறையில் ஏழு பேரை அடைத்ததுதான் காரணம் என்று எழுதினால் ஆலையை மூட வேண்டும், சீசனில் முந்நூறு பேருக்கு வேலை போகும், மேலே இருப்பவர்கள் 'இத்தனை நாள் நீ என்ன பார்த்துக்கொண்டிருந்தாய்' என்று என்னைக் கேட்பார்கள். மூன்றில் எது என் கையைப் பிடித்தது என்று இன்றைக்கு நேர்மையாகச் சொன்னால், மூன்றாவது. போர்மேன் பக்கத்தில் நின்று, "பொம்பளைகள்லாம் பாலியெஸ்டர்தான் சார் கட்டி வாராக. கொடியப் பாருங்க" என்றார். பார்த்தேன். எழுதினேன். யாரும் என்னை மிரட்டவில்லை. யாரும் எதுவும் கொடுக்கவில்லை. ஒரு வாக்கியம் தேவைப்பட்டது. அது என்னிடம் தயாராக இருந்தது. எந்தப் பெண் என்று அதில் எழுதவில்லை. மற்ற சேலைகளெல்லாம் கயிற்றிலேயே கிடக்க, நான் ரசீது போட்டுக் கொடுத்துவிட்ட மாரித்தாயின் சேலை மட்டும் அங்கே இல்லை என்பதால், ஊர் அதை மாரித்தாய் என்று தானே எழுதிக்கொண்டது.

சேலை கயிற்றில் இருந்ததற்கான ரசீதும், அதே சேலை அவள் உடம்பில் இருந்ததாகச் சொல்லும் அறிக்கையும் ஒரே கோப்பில், ஒரே கையெழுத்தில். இரண்டையும் சேர்த்து யாரும் படிக்கவில்லை, நான் உட்பட.

நாவலாசிரியரைக் கயவன் என்றேன். அவர் எனக்கு இருபது வருடம் பிந்தி வந்தவர்.

5

நான் மேடையில் பேசியதை யாரோ படம் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள். அது எங்கெங்கோ சுற்றி சிவகாசிக்கும் போயிருக்கிறது. நாலாம் நாள் காலையில், ஆயிஷாவைப் பேருந்தில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது போன் அடித்தது. இந்திய எண்.

"சார், விருதுநகர் பஜார்ல உங்க தம்பி கடையில நம்பர் வாங்குனேன். தப்பா நெனச்சுக்கிடாதீக."

"யாரும்மா?"

"எம் பேரு முத்துலட்சுமி. மாரித்தாய் மக."

நடைபாதையில் நின்றுவிட்டேன். பக்கத்தில் யார் வீட்டுத் தோட்டத்திலோ முந்தின நாள் எரித்த ராக்கெட்டின் குச்சி கிடந்தது.

"வீடியோவுல, சேலைய நாந்தான் கட்டிவிட்டேன்னு சொன்னீக. அது மெய்யா? இல்ல, மேடைக்காகச் சொன்னதா?"

"மெய்தான்."

"அப்ப ஒண்ணு கேக்கேன். எங்கம்மா ஒடம்புல அந்தச் சேலைய நீங்க பாத்தீகளா?"

"இல்லை."

"எங்கன பாத்தீக?"

"கேட்டுக்குப் பக்கத்தில், கயிற்றில்."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. குரல் தடித்தது.

"எங்கப்பா சொல்லிச் சொல்லியே செத்தாரு சார். கொடியில கெடந்துச்சு, நான்தான் எடுத்தேன், ஆபீசரு கையெழுத்து வாங்குனாருன்னு. ஒரு நாயும் நம்பல. பொண்டாட்டி மானத்த மறைக்க அதே மாதிரிப் புதுச்சேலை வாங்கி வச்சிருக்கான்னு சொன்னாக. அந்தச் சேலை இன்னும் எங்கிட்ட இருக்கு. ஒரு பொட்டுக் கரியில்ல. முந்தியில மெட்டி அப்படியே இருக்கு. நான் அவுக்கல."

அவளே தொடர்ந்தாள். செத்த மற்ற ஆறு பேரின் வீட்டாரும் அன்றிலிருந்து அவள் வீட்டில் கை நனைப்பதில்லை. கல்யாணத்துக்கு வரவில்லை. அப்பா சாவுக்கு வந்தவர்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்கள். பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெயரே 'பாலியெஸ்டர்'. இப்போது சிவகாசியில் காலண்டர் கம்பெனியில் பைண்டிங் வேலை பார்க்கிறாள். மூன்று வயதில் ஒரு மகள்.

"வார தையில எம் மகளுக்குக் காதுகுத்து. அந்த ஆறு வீட்டுக்கும் பாக்கு வச்சுக் கூப்புடப் போறேன். ஆறும் வேண்டாம். ராக்கம்மா கெழவி ஒண்ணு வந்து எலையில உக்காந்தாப் போதும். அது உக்காந்தா ஊரே உக்காரும். நேத்துப் போய்ச் சொன்னேன். வெளிநாட்டுல அந்த ஆபீசரே சொல்லிட்டாரு, இந்தா பாருங்கன்னு போனக் காட்டுனேன். 'செல்போன்ல ஆயிரம் பேசுவாக. அன்னைக்குப் பேப்பர்ல எழுதுனவன் இன்னைக்கும் பேப்பர்ல எழுதட்டும்'னு சொல்லிருச்சு."

"சரிதான் சொல்லியிருக்கிறார்."

"அந்த ரசீது வெளிய கெடைக்குமா சார்?"

கிடைக்காது. எனக்குத் தெரியும். அறிக்கையை வைத்துக்கொள்வார்கள்; இணைப்புத் தாள்களைக் காலம் முடிந்ததும் கழித்துவிடுவார்கள். கழிக்கும் பட்டியலில் கையெழுத்துப் போடுவதும் என் வேலையாக இருந்தது. அந்தக் கோப்பின் இணைப்புகள் எந்தப் பட்டியலில் போயின என்று எனக்கு நினைவில்லை. அதிலும் என் கையெழுத்துதான் இருக்கும்.

"கிடைக்காதும்மா. நான் எழுதித் தருகிறேன். பிரமாண வாக்குமூலமாக."

"நல்லா இருங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல சார்" என்றாள். "ஆனா எழுதிக் குடுங்க."

இணைப்பைத் துண்டித்துவிட்டாள்.

6

எழுதுவதற்கு ஒன்பது நாள் பிடித்தது. மற்ற அறிக்கைகளை ஒரே உட்காரலில் எழுதியிருக்கிறேன். இதில் ஒவ்வொரு வாக்கியமும் பழைய வழியிலேயே ஓடியது. 'சேலை கயிற்றில் இருந்ததாக அறியப்படுகிறது' என்று எழுதியிருந்ததை நஸ்ரின் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "யாரு அறிஞ்சது அத்தா?"

அடித்துவிட்டு எழுதினேன். 'நான் பார்த்தேன்.'

நாடக விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். செல்வக்குமார் வீட்டுக்கு வந்தார். முத்துலட்சுமி பேசியதைச் சொன்னேன். அவர் டீயைக் குடிக்காமல் வைத்திருந்தார்.

"எனக்கு இது தெரியாது சார். சத்தியமா தெரியாது."

"தெரியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அடுத்த முறை போடுவீர்களா?"

"லெஸ்டர்ல தேதி குடுத்தாச்சு. ஹால் புக் பண்ணியாச்சு." கோப்பையைத் தள்ளி வைத்தார். "சேலை சீனை வேணா எடுத்துறேன்."

"அடிக்கிற சீன்?"

"அது இல்லாம நாடகம் நிக்காது சார். ஜனங்க எழுந்து போயிருவாக."

"அந்தப் பலகையை வைத்திருந்தவரை முன்னால் கூட்டி வந்து நிறுத்துங்கள். அவர் கையும் தெரியட்டும்" என்றேன். அவர் அதை ஒரு உத்தி என்று நினைத்துக் குறித்துக்கொண்டு போனார்.

வாக்குமூலம் இரண்டு பக்கம். அன்று நான் என்ன பார்த்தேன், என்ன பார்க்கவில்லை, அறையில் எத்தனை பேர், சுவரில் என்ன எண், கயிறு எங்கே இருந்தது, ரசீதில் என்ன எழுதினேன், அறிக்கையில் என்ன எழுதினேன், ஏன். 'ஏன்' என்பதற்குக் கீழே: 'ஏழு பேர் இருந்ததைக் காரணமாக எழுதினால் என்னைக் கேள்வி கேட்பார்கள் என்று பயந்தேன்.' கடைசிப் பத்தி ராக்கம்மாளுக்கு: 'அன்று என்னை அடித்தீர்கள். சரியான ஆளைத்தான் அடித்தீர்கள். காரணம் அப்போது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஏனென்றால் நான் அதை எழுதுவதற்கு இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது.' ஒரு பிரமாண வாக்குமூலத்தில் இப்படி ஒரு பத்தி இருக்கக் கூடாது. விதி எனக்குத் தெரியும். விட்டுவிட்டேன்.

இங்கே எழுதிய தாளை நம்மூர் நம்ப வேண்டுமென்றால் அதற்கு ஒரு வழி இருக்கிறது: முன்பதிவு, படிவம், பாஸ்போர்ட் நகல், இரண்டு புகைப்படம், அதிகாரியின் முன்னிலையில் கையெழுத்து. ரயிலில் ஒரு மணி நேரம் பயணம் செய்து இந்தியத் தூதரக அலுவலகத்துக்குப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்களுடைய படிவங்களை எல்லாம் சரிபார்த்துக் கொடுத்தேன். பழக்கம். இரண்டு பேர் புகைப்படத்தைத் தவறான இடத்தில் ஒட்டியிருந்தார்கள்.

கவுண்டரில் ஒரு மலையாளிப் பெண், முப்பது வயது இருக்கும். தாள்களைப் புரட்டினாள். எல்லாம் வரிசையாக, குத்த வேண்டிய இடத்தில் குத்தி இருந்தன. இப்படி ஒரு விண்ணப்பத்தை அவள் வாழ்க்கையில் பார்த்திருக்க மாட்டாள். ஒரு இடத்தில் மட்டும் பேனாவை நிறுத்தினாள்.

"சார், பர்ப்பஸ் எழுதலையே. என்ன காரியத்துக்கு? ப்ராப்பர்ட்டியா, பென்ஷனா, கோர்ட் கேஸா?"

என் வாழ்நாளில் நான் காலியாக விட்ட முதல் கட்டம் அதுதான். மறதியால் விட்டதல்ல. 'பதிவுத் திருத்தம்' என்று முதலில் எழுத நினைத்தேன். எந்தப் பதிவையும் இது திருத்தப் போவதில்லை. 'நீதி' என்று எழுத எனக்குத் தகுதி இல்லை. பின்னால் ஆட்கள் நின்றார்கள். அவள் காத்திருந்தாள்.

"காதுகுத்து" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவள் ஊரிலும் அதற்கு அதே சொல்தான்.

"யாருக்கு சார்? பேத்திக்கா?"

"எனக்கு உறவில்லை. அந்தக் குழந்தையின் பாட்டி நான் எழுதியதால் கெட்ட பெயரோடு கிடக்கிறாள். இந்தத் தாளைப் படித்துவிட்டு ஒரு கிழவி வந்து இலையில் உட்கார வேண்டும்."

அவள் தாளின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினாள். கூடவே இணைத்திருந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் கடைசிப் பத்தி வரைக்கும் படித்தாள். பிறகு 'மற்றவை' என்ற கட்டத்தில் குறியிட்டு, அதற்குப் பக்கத்தில் விட்டிருந்த ஒரு அங்குலக் கோட்டில் ஆங்கில எழுத்தில் 'காதுகுத்து' என்று எழுதினாள். முத்திரையை மையில் அழுத்தி எடுத்து, தாளின் மேல் ஓங்கி அடித்தாள்.

மேசை அதிர்ந்தது. என் கை தானாக இடது கன்னத்துக்குப் போயிற்று.